கூட்டுக்குக் காவல் நிற்கிற மகனுக்கு

அருண், இதை நின்றபடி வாசிக்காதே. இரவு முழுக்கக் காருக்குள் முடங்கிக் கிடந்துவிட்டு, விடிந்ததும் மறுபடி ஏரிக்கரை மரமேடையின் விளிம்பில் போய் நிற்கிறாய். கால் சறுக்கி உள்ளே விழுந்தால் உன்னைத் தூக்கிக் கரையில் போட எனக்கு ஏலாது. ஆகவே முதலில் இரு. நேற்றும் வீட்டுக்கு வா என்று உன்னிடம் நேரே சொல்லத்தான் வந்தேன். வாயைத் திறந்தால் சண்டையில்தான் முடியும் என்று உன் முகத்தைப் பார்த்தபோதே தெரிந்துவிட்டது. எனக்குக் கோபம் வந்தால் வாய் நிற்காது. உனக்கு வாய்த்திருப்பதும் அதே வாய். அதனால்தான் திரும்பி வந்து, உன் அம்மா படுத்த பிறகு, குசினி மேசையில் இருந்து எழுதுகிறேன். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் நீ படித்த தமிழுக்கு இது கொஞ்சம் கடினமாக இருக்கலாம். விளங்காத இடத்தை இன்னொரு தரம் வாசி. ஜெர்மன் மொழியில் இதைச் சொல்ல எனக்குத் தெரியாது.

சுற்றி வளைக்காமல் விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். நிலானி இந்தச் சனிக்கிழமை கொலோனுக்கு, தன் தாய் தகப்பனிடம் போகிறாள். திரும்பி வருவாளா என்று கேட்டேன். "தெரியாது மாமா" என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குப் பயமில்லை. களைத்துப்போன ஆள் சொல்வது மாதிரிச் சொன்னாள். பெரிய பெட்டி கூடத்தில் நிற்கிறது. உன்னுடைய உடுப்புகளைத் தோய்த்து, மடித்து, அலுமாரியில் வைத்துவிட்டுத்தான் தன்னுடையவற்றை அந்தப் பெட்டிக்குள் அடுக்கியிருக்கிறாள். உனக்கு அவள் போன் எடுக்கவில்லையாம். எடுத்தால் நீ மீனைப் பற்றித்தான் கதைக்கிறாயாம்.

மீனைப் பற்றியே நானும் கதைக்கிறேன், சரியா? இந்த நாட்டுக்கு வந்து மீன்பிடிப் பரீட்சை எழுதி, கார்டு எடுத்து, கிளப்பில் சேர்ந்த முதல் வசந்தத்தில் நான் செய்த வேலை உனக்குத் தெரியாது. பங்குனி மாதம். தோலில் வெயில் சுட ஆரம்பித்திருந்தது, தண்ணீர் மட்டும் ஐஸ் மாதிரி. ஏரியின் வடக்குக் கரையில் வெயில் நாள் முழுக்க விழுகிற அந்தச் சின்ன வளைவில் மட்டும் தண்ணீர் கொஞ்சம் சூடு பிடித்திருந்தது. ஆழத்தில் மாரிக் குளிர் முழுக்கக் கிடந்த பார்ஷ் மீன்கள், முதுகில் வரி போட்ட மீன்கள், எல்லாம் அங்கே வந்து குவிந்திருந்தன. புழுவைப் போட்டால் தக்கை நிற்கவே இல்லை. வாளி நிறைய அள்ளிக்கொண்டு வந்தேன். ஒவ்வொன்றும் வயிறு வெடிக்கிற மாதிரிச் சினை. எங்கள் சனம் மீன்காரனிடம் விலைக்கு முதலே சினை இருக்கா என்று கேட்கிற சனம். உன் அம்மா அன்றைக்குச் சினையைத் தனியாகப் பொரித்து, மீதியைக் குழம்பு வைத்து, பக்கத்து விடுதியில் இருந்த பெடியன்களுக்கும் கொடுத்தனுப்பினாள். நான் பெரிய ஆள் மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன்.

அடுத்த கிழமை கண்காணிப்பாளர் ஹோல்கர் வந்தார். அப்போது அவருக்குத் தலைமயிர் கறுப்பு. சட்டப்படி நான் செய்ததில் பிழை இல்லை, அவர் என்னைத் திட்டவும் இல்லை. தண்ணீருக்குள் விழுந்து கிடந்த ஒரு கிளையைப் பிடித்து மெல்ல உயர்த்திக் காட்டினார். நனைந்த லேஸ் துணி மாதிரி நீள நாடா ஒன்று கிளையில் சுற்றிக் கிடந்தது. முழுவதும் முட்டை. "இது ஒரேயொரு தாய் போட்டது. நீ போன கிழமை இப்படி ஒரு வாளி கொண்டுபோனாய்" என்றார். பிறகு கிளையை இருந்த இடத்திலேயே விட்டார். எனக்கு வெட்கமாகவும் இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது. பட்டினி கிடந்து வந்தவனுக்கு மீனின் பிள்ளைகுட்டிகளைப் பற்றி வகுப்பு எடுக்கிறான் என்று வீட்டில் வந்து கத்தினேன். ஆனால் அதற்குப் பிறகு நான் பங்குனியில் அந்த வளைவுக்குத் தூண்டில் கொண்டுபோகவில்லை. பார்க்க மட்டும் போனேன். பார்க்கப் பழகினால் அது ஒரு பைத்தியம். உன்னையும் அந்தப் பைத்தியம் பிடித்ததற்கு நான்தான் காரணம்.

சாண்டர் மீனை உனக்குக் காட்டியதும் நான்தான். பார்ஷ் முட்டையை நாடாவாகத் தொங்கவிட்டுவிட்டுத் தன்பாட்டில் போய்விடும். சாண்டர் அப்படியில்லை. சித்திரையில், ஆண் மீன் முதலில் வந்து வேர்ப்பற்றைக்குள் ஒரு இடத்தைத் தேடி, சேற்றை விசிறித் துப்புரவாக்கும். பெண் வந்து முட்டையைப் போட்டுவிட்டுப் போய்விடும். ஆண் மட்டும் நிற்கும். தின்னாமல் நிற்கும். வயிறு கறுத்து, வாயெல்லாம் காயம் பட்டு, செட்டையால் தண்ணீரை விசிறிக்கொண்டே நிற்கும். விசிறாவிட்டால் முட்டை மேல் தூசி படிந்து மூச்சுமுட்டிச் செத்துவிடும். அந்தக் காலத்தில் சாண்டரைப் பிடிக்கத் தடை. தற்செயலாகப் பட்டால் உடனே விட வேண்டும். செத்துப் போனாலும் வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது, தண்ணீரிலேயே போட வேண்டும். இதெல்லாம் உனக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

இனி நீ கேட்க விரும்பாததைச் சொல்கிறேன். காதைப் பொத்தாதே.

மாசியில் உன் பிள்ளை உயிரில்லாமல் பிறந்தாள். வயிற்றை வெட்டித்தான் எடுத்தார்கள். நிலானி மயக்கத்தில் கிடந்தாள், காய்ச்சல் வேறு. அந்த மருத்துவிச்சிப் பெண் எவ்வளவு பொறுமையாகச் சொன்னாள், நினைத்துப் பார். பிள்ளையைத் தாயிடம் கொடுங்கள், நேரம் எடுத்துக்கொள்ளுங்கள், எத்தனை மணித்தியாலமும் வைத்திருக்கலாம், படம் எடுக்கலாம், பாதத்தின் அச்சு எடுக்கலாம் என்றாள். எங்கள் ஆட்களுக்கு அது கேட்கவே ஏலாமல் இருந்தது. உன் அம்மாவும் சம்மந்தி அம்மாவும் அறைக்கு வெளியே நடையோடைக்குள் நின்று குசுகுசுத்தார்கள். "நிலானிக்குக் காட்டாதேங்கோ. கண்டால் பிறகு மறக்க ஏலாது. காணாட்டில் கெதியிலை ஆறும்." நானும் தலையை ஆட்டினேன். படமும் வேண்டாம், அச்சும் வேண்டாம் என்றோம். அவள் கண் முழிக்க முதல் எல்லாம் முடிந்துவிட்டது. அடக்கத்துக்கும் பெண்கள் வருவதில்லை என்று நானும் நீயும் மட்டும் போனோம். மூடின சின்னப் பெட்டி. சின்னப் பிள்ளைகளுக்கென்று ஒதுக்கின அந்த மூலை, காற்றாடிகள் சுத்துகிற இடம். பெற்றவள் பிள்ளையையும் காணவில்லை, குழியையும் காணவில்லை. இரண்டு நாளில் அவளுக்குப் பால் சுரந்தது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நீ அறையை விட்டு வெளியே போனாய். நானும்தான் போனேன்.

எங்கள் வீட்டுப் பழக்கம் இது. உன் சின்னையா, என் தம்பி, ஊரில் செத்துப்போன செய்தி போனில் வந்தபோது உனக்கு நல்லாக நினைவு இருக்கிற வயது. நான் போனை வைத்துவிட்டு வந்து சோற்றைச் சாப்பிட்டேன். உன் அம்மாவுக்கு அடுத்த நாள்தான் சொன்னேன். ஊரில் இருந்த என் ஆச்சிக்கு, சொந்தக்காரர் கடைசிவரைக்கும் அவன் வெளிநாட்டுக்குப் போய்விட்டான் என்று சொல்லி வைத்திருந்தார்கள். பிள்ளைகளுக்குச் சொல்லாதேங்கோ, வயசு போனவைக்குச் சொல்லாதேங்கோ, வயித்துப் பிள்ளைக்காரிக்குச் சொல்லாதேங்கோ. நீ சுவரில் மாலை போட்ட படத்தைப் பார்த்துத்தான் சின்னையா இல்லை என்று தெரிந்துகொண்டாய். வந்து என்னிடம் கேட்டாய். நான் "ஓம்" என்றேன். அதற்கு மேல் ஒரு சொல் சொல்லவில்லை. இப்படித்தான் அன்பு வைப்பது என்று நாங்கள் பழகிவிட்டோம். நீ வேறெங்கே போய் வேறு மாதிரிப் படிப்பாய்?

இந்தச் சித்திரையில் உன்னை ஏரிக்கு இழுத்துக்கொண்டு போனது நான். வீட்டுக்குள் கிடந்து சுவரைப் பார்க்கிறாய், காற்றுப் படட்டும் என்று. பார்ஷ் பிடிப்போம், இரண்டு மூன்று போதும், நிலானிக்கு ஒரு சொதி வைத்துக் கொடுக்கலாம் என்றேன். நீ மேடையின் வலப்பக்கம் போட்டாய், புழுவும் தக்கையும். தக்கை மெல்லப் பக்கவாட்டில் போனது. நீ இழுத்தாய். வந்தது கறுத்த வயிற்றோடு ஒரு ஆண் சாண்டர். செவுளில் தூண்டில் ஏறி, இரத்தம் உன் மணிக்கட்டு வழியே வடிந்தது. அது பசிக்குக் கடிக்கவில்லை. கூட்டில் வந்து விழுந்த குப்பையை வாயால் எடுத்து எறியப் பார்த்திருக்கிறது. அது உனக்குப் பிடித்த உடனேயே விளங்கிவிட்டது.

"அப்பா, இது கூட்டிலை நிண்டது."

"விடு, கெதியா விடு."

விட்டாய். அது ஒரு பக்கமாகச் சரிந்து மிதந்தது. இரண்டு கையாலும் பிடித்து முன்னும் பின்னும் அசைத்துப் பார்த்தாய். எவ்வளவு நேரம் அப்படிக் குந்தியிருந்தாய். பிறகு ஹோல்கர் வந்து உன் தோளில் கை வைத்து, போட்டுவிடு, அதுதான் சட்டம் என்றார். நீ அதைத் தண்ணீருக்குள் இறக்கிய விதத்தைப் பார்த்தேன். மீனை அப்படி யாரும் இறக்குவதில்லை. கல்லறையில் அந்தப் பெட்டியை நீ இறக்கியது அப்படித்தான்.

அதற்குள் சின்ன வெள்ளி மீன்கள் கூட்டமாக வேர்ப்பற்றைக்கு வந்துவிட்டன. வெயில் கண்ணாடி போட்டுப் பார்த்தால் தெளிவாகத் தெரிந்தது. காவல் இல்லை என்று அதுகளுக்கு எப்படித்தான் தெரிந்ததோ. நீ மீன் அள்ளுகிற வலையின் கழியை எடுத்து, தண்ணீருக்குள் விட்டுக் கலைத்தாய். போனதுகள் திரும்ப வந்தன. மறுபடி கலைத்தாய். சரி, இன்றைக்குப் பொழுதுபடும் மட்டும் நிற்பான், பிறகு வருவான் என்று நினைத்தேன். நீ வரவில்லை. அடுத்த நாள் வேலைக்குச் சுகமில்லை என்று சொல்லிவிட்டாய். அதற்கடுத்த நாளும். சாப்பாடு கொண்டுவந்தால் கண்ணைத் தண்ணீரில் இருந்து எடுக்காமல் தின்கிறாய். உன் அம்மா வந்து அழுதாள். "நீங்கள் போங்கோ அம்மா, நான் இதுகள் குஞ்சு பொரிச்ச பிறகு வாறன்" என்றாய். கிளப்பில் சிலர் சிரித்தார்கள். அவர்களை ஹோல்கர்தான் அடக்கினார். "அவனை விடுங்கள், அவனுக்கு ஒரு பிள்ளை செத்தது" என்றாராம். நாங்கள் யாரும் சத்தமாகச் சொல்லாத வசனத்தை ஒரு ஜெர்மன்காரர் கார் நிறுத்துமிடத்தில் நின்று சொல்லியிருக்கிறார்.

நேற்று உன் பக்கத்தில் நான் நின்றேனே, அப்போது நானும் கண்ணாடியைப் போட்டுப் பார்த்தேன். அருண், முட்டைகள் வெளுத்துவிட்டன. பஞ்சு மாதிரிப் பூஞ்சணம் பிடித்திருக்கிறது. உயிருள்ள முட்டை தேன் நிறமாக இருக்கும், நான்தான் உனக்குக் காட்டினேன், மறந்திருக்க மாட்டாய். நீயும் பார்த்தாய், நான் பார்த்ததையும் பார்த்தாய், பார்த்துவிட்டு இன்னும் வேகமாகக் கழியை ஆட்டினாய். கழியால் கலைக்க உனக்கு ஏலும். விசிற ஏலாது. அதற்குச் செட்டை வேண்டும், அந்தத் தகப்பன் வேண்டும். ஓரத்தில் வேருக்கு அடியில் கொஞ்சம் இன்னும் நல்லாக இருக்கலாம். இருக்கும் என்று சத்தியம் பண்ண மாட்டேன். போதுமான அளவு பொய்யும் மறைப்பும் இந்த வீட்டில் நடந்துவிட்டது.

அங்கிருந்து நேரே உங்கள் வீட்டுக்குத்தான் போனேன். நிலானி தேத்தண்ணி போட்டாள். எனக்கு முன்னால் இருந்தாள். பெட்டியைப் பற்றி, சனிக்கிழமை ரயிலைப் பற்றிச் சொன்னாள். நான் வழக்கம்போல மேசையைப் பார்த்து, சுவரைப் பார்த்து, எல்லாம் சரிவரும் பிள்ளை என்று ஏதோ உளறினேன். அவள் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு,

"மாமா, உங்களிட்டை ஒண்டு கேக்கட்டோ? மறைக்காமல் சொல்லோணும்."

"கேள் பிள்ளை."

"பிள்ளைக்குத் தலைமயிர் இருந்ததோ?"

நான் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தேன்.

"அருணிட்டைக் கேட்டால் விடு விடு எண்டுறார். மாமியைக் கேட்டால் அழுறா. நான் பத்து மாசம் வைச்சிருக்கப் போறன் எண்டு நினைச்ச பிள்ளை. வயித்துக்குள்ளை விக்கல் எடுக்கிறதும் எனக்குத் தெரியும். முகம் தெரியாது. படுத்தால் ஒவ்வொரு நாளும் வேறை வேறை முகம் வருது மாமா. ஒண்டும் அவவின்ரை இல்லை எண்டு எனக்குத் தெரியுது."

"எனக்குத் தெரியாது பிள்ளை. நான் பாக்கேல்லை" என்றேன்.

அதுதான் உண்மை. மருத்துவிச்சி துணியில் சுற்றிக் கொண்டுவந்து எங்களுக்கு முன்னால் நின்றபோது உன் அம்மா முகத்தைப் பொத்தினாள், சம்மந்தி அம்மா திரும்பி நின்றாள், நான் யன்னலைப் பார்த்தேன். நீ மட்டும்தான் கையை நீட்டினாய். நீ மட்டும்தான் வாங்கி, துணியை விலக்கி, பார்த்தாய். அந்தக் கதிரையில் எவ்வளவு நேரம் வைத்துக்கொண்டு இருந்தாய். இந்த உலகத்தில் அந்தப் பிள்ளையின் முகம் தெரிந்த சொந்தம் நீ ஒருத்தன்தான். அதை நெஞ்சுக்குள் பூட்டி வைத்துக்கொண்டு, நிலானியிடம் இருந்து அதைக் காப்பாற்றுகிறேன் என்று நினைக்கிறாய். யாரிடம் இருந்து காப்பாற்றுகிறாய்? அவள் வெள்ளி மீனா? அவள் பெற்றவளடா.

நான் உனக்குப் பெரிய புத்தி சொல்கிற தகுதியில் இல்லை. குடும்பம் என்றால் விட்டுக்கொடு, பொறுத்துப் போ என்று கலியாணத்தன்று ஒலிவாங்கியைப் பிடித்துச் சொன்னேனே, அதையெல்லாம் மறந்துவிடு. ஒன்று மட்டும் செய். போய் அவளுக்கு முன்னால் இரு. தலைமயிர் இருந்ததா, சொல். மூக்கு யாருடையது, சொல். விரல் எப்படி மடங்கியிருந்தது, உதடு என்ன நிறம், எவ்வளவு பாரம், குளிர்ந்திருந்ததா, எல்லாம் சொல். அவள் அழுவாள். அழட்டும். நீயும் அழுவாய். அறையை விட்டு மட்டும் போகாதே. பிறகு அவள் கேட்டால் குழிக்குக் கூட்டிக்கொண்டு போ. பெண்கள் போவதில்லை என்று யாராவது வாய் திறந்தால் என்னிடம் அனுப்பு, நான் பதில் சொல்கிறேன். இவ்வளவையும் கேட்ட பிறகும் அவள் கொலோனுக்குப் போகலாம். அதற்கும் நான் சத்தியம் பண்ண ஏலாது. ஆனால் பிள்ளையின் முகத்தோடு போவாள்.

கழியைக் கீழே வைத்துவிட்டுப் போனால் அதுகள் வந்து தின்றுவிடும் என்று நீ சொல்லப் போகிறாய், தெரியும். இந்தக் கடிதத்தை உன் கையில் தந்துவிட்டு நான் திரும்பிப் போகப் போவதில்லை. தடித்த சப்பாத்து போட்டு, மழைக்கோட்டும் மடிக்கிற கதிரையும் எடுத்து வைத்திருக்கிறேன். முழங்கால் நோவுக்குக் குளிசையும் இருக்கிறது. கழியை என்னிடம் தா. வெளுத்ததோ வெளுக்காததோ, மிச்சத்துக்கு நான் நிற்கிறேன். நீ வந்து போதும் என்று சொல்லும் மட்டும் நிற்பேன்.

நிலானிக்குச் சொல்லி முடிந்த பிறகு, உனக்கு ஏலுமான ஒரு நாளில், எனக்கும் சொல்லு. நானும் அவளுக்குத் தாத்தா.